மனுவில் பெயர் இல்லாதவர்

நகராட்சியில் உரிமம் கேட்டு வரும் எந்தக் கோப்பைத் திறந்தாலும் இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒருவர் மனுதாரர், இன்னொருவர் ஆணையர். முன்னவருக்குக் கடை திறக்க வேண்டும். பின்னவருக்குக் கட்டணம் வர வேண்டும், விதியும் மீறப்படக் கூடாது. இருவருக்கும் நடுவில் நின்று இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது துப்புரவு ஆய்வாளரின் வேலை. ஓய்வு பெறும் வரை நான் செய்தது அதுதான். ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்டது இந்த இருவருக்காகவும் அல்ல, கோப்பில் பெயரே வராத மூன்றாவது ஆளுக்காக என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆகவில்லை. அதைப் புரிய வைத்தது ஒரு பட்டியல்.

1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கடைசியில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. உரிமம் பெறாமல் ஓர் இடத்தில் எந்தெந்தத் தொழிலை நடத்தக் கூடாது என்பதற்கான பட்டியல். எலும்பு, தோல், கொம்பு, கொழுப்பு, மீன், சோப்பு, சுண்ணாம்பு, புகையிலை, விறகு, வைக்கோல், வாணவெடி என்று நீளும். ஆங்கில அகர வரிசையில் அடுக்கியிருந்ததால் மளிகைச் சீட்டும் மாயாஜாலச் சீட்டும் கலந்ததுபோல இருக்கும். அலுவலகத்தில் இதற்கு 'டி அண்ட் ஓ' என்று பெயர். ஆபத்தான, அருவருப்பான தொழில்கள் என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மதிய நேரம், எரிவதை ஒரு பக்கமும் நாறுவதை ஒரு பக்கமுமாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். அநேகமாக எல்லாம் அந்த இரண்டு பக்கங்களில் அடங்கிவிட்டன. மீதி இருந்தவை தூசி, புகை, சத்தம்.

வைக்கோல் போர் பற்றிக்கொண்டால் உரிமையாளருக்கு நஷ்டம். அதற்குச் சட்டம் தேவையில்லை, அவரே பார்த்துக்கொள்வார். அந்தத் தீ அடுத்த கூரைக்குத் தாவும் என்பதால்தான் சட்டம் வந்தது. தோல் ஊறவைப்பவருக்கு அந்த நாற்றம் பிழைப்பு. பக்கத்துத் திண்ணையில் சோறு தின்பவருக்கு அது பிழைப்பு இல்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் எப்போதோ எங்கேயோ ஒரு அண்டை வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார். அதன்பின் விதிப் புத்தகத்தைப் பிரிக்கும்போதெல்லாம், 'இது யாருடைய புகார்?' என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பதில் கிடைத்தால் விதி புரிந்தது என்று அர்த்தம்.

ஊரில் 'முனிசிபாலிட்டி சட்டம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஒரே புத்தகம் அல்ல. சென்னைக்கு 1688-லேயே மாநகராட்சி வந்துவிட்டது. மதுரை, திருச்சி, கோவை, சேலம் போன்ற ஊர்கள் 1866-இல் நகராட்சிகள் ஆயின. அதன்பின் 1884-இல் ஒரு சட்டம், 1920-இல் இன்னொன்று. நான் பணிபுரிந்த காலம் முழுக்க ஆண்டது அந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான். 1998-இல் நிறைவேறிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நெடுநாள் உறங்கிக் கிடந்து, 2023 ஏப்ரல் 13 முதல்தான் விதிகளோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே அரசியலமைப்பு. 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தபோது, பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய பணிகள் என்று 18 இனங்கள் சேர்ந்தன. அவற்றில் எதை எவ்வளவு கொடுப்பது என்பதை மட்டும் மாநிலத்தின் கையில் விட்டார்கள்.

சட்டமன்றம் சட்டம் இயற்றும். அரசு அதன்கீழ் விதிகளை வகுக்கும். நகர்மன்றம் துணைவிதிகளை இயற்றி அரசின் ஒப்புதலுக்கு அனுப்பும். கடைசியாக, உரிமத்தின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சாகும். கீழே உள்ளது மேலே உள்ளதை மீறக் கூடாது. இந்த வரிசை தெரியாமல் நகர்மன்றக் கூட்டங்களில் நடக்கும் சண்டைகள் கொஞ்சமல்ல. 'எங்க வார்டுல இனி மீன் கடையே இருக்கக் கூடாது, தீர்மானம் போடுங்க' என்று ஒரு உறுப்பினர் மேசையைத் தட்டுவார். கைதட்டல் விழும். அடுத்த நாள் அந்த மன்றப் பொருளுக்குக் குறிப்பு எழுதச் சொல்லி கோப்பு என் மேசைக்கு வரும்.

அந்த மாதிரி நேரங்களில் 1950-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கைகொடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் கைரானா நகராட்சி, மொத்தக் காய்கறி வியாபாரத்துக்கு அனுமதி வேண்டும் என்று துணைவிதி போட்டுவிட்டு, அந்த உரிமையை ஒரே ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. மற்றவர்கள் உரிமம் கேட்டால் வழங்குவதற்குத் துணைவிதியில் வழியே இல்லை. ரஷீத் அகமது என்ற வியாபாரி நீதிமன்றம் போனார். தொழில் செய்யும் அடிப்படை உரிமையை இப்படிப் பறிக்க முடியாது என்று தீர்ப்பானது. ஒழுங்குபடுத்த அதிகாரம் உண்டு, ஒழித்துக்கட்ட அதிகாரம் இல்லை என்று நான் அதைச் சுருக்கி வைத்துக்கொண்டேன்.

ஆகவே மீன் கடைக் கோப்பில், உறுப்பினரின் கோபத்தை விட்டுவிட்டுப் புகாரைத் தேடிப் போனேன். அந்தத் தெருவாசிகளுக்கு மீன் மேல் பகை இல்லை. அவர்களே வாங்கித் தின்பவர்கள். செதிலும் குடலும் சாக்கடையில் அடைத்துக்கொண்டு, சாயங்காலம் வாசலில் உட்கார முடியவில்லை. அதுதான் விஷயம். குறிப்பில் நான்கு நிபந்தனைகள் எழுதினேன். கழுவும் மேடைக்குக் கீழே கழிவுநீர்க் குழாயில் வலை, மூடி உள்ள தொட்டி, கழிவை அன்றன்றே ஒப்படைப்பது, கடை மூடும்போது வாசலைக் கழுவிவிடுவது. மன்றம் முனகியபடி ஏற்றுக்கொண்டது. கடையும் இருந்தது, தெருவும் இருந்தது.

எல்லாப் புகாரும் இப்படித் தெருவில் நின்று கத்தாது. பல புகார்கள் வாயே திறக்காது. அவைதான் ஆய்வாளருக்குச் சோதனை.

ஒரு அரவை மில்லுக்கு உரிமம் கேட்டு மனு. மாவு, மல்லி, மிளகாய். மோட்டாரின் குதிரைத்திறனைக் குறிப்பிட்டு இயந்திரம் நிறுவத் தனி அனுமதியும் கேட்டிருந்தார்கள். மனுதாரர் மரியாதையான மனிதர். "அக்கம்பக்கத்துல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க சார். நீங்களே வேணா கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். நிஜமாகவே யாரும் எதுவும் சொல்லவில்லை. மில் அன்று சுத்தமாக, அமைதியாக இருந்தது. இருக்கத்தானே செய்யும், அரவை இல்லாத நாள்.

மில்லைப் பார்க்க வேண்டியது கோடையில். வருஷத்து மிளகாய்த் தூளை வீடுகளில் அப்போதுதான் காயவைத்து அரைப்பார்கள். அந்த நாட்களில் ஒருமுறை சொல்லாமல் போனேன். மில்லுக்குள் போகவில்லை. அடுத்த வீட்டுச் சமையலறையில் போய் நின்றேன். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியில் செந்தூள். உள்ளே கட்டிலில் இருந்த வயதான அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க நீங்க எழுதிக் குடுக்கலை?" என்று கேட்டேன். மருமகள் குரலைத் தாழ்த்தினார்: "வாடகைக்கு இருக்கறவங்க சார் நாங்க. வீட்டுக்காரருக்கு மில்லுக்காரர் மச்சான் முறை. எதுக்குங்க வம்பு?"

யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதும் யாருக்கும் பாதிப்பில்லை என்பதும் ஒன்றல்ல. கடன்பட்டவர், வாடகைக்கு இருப்பவர், சாதியிலோ பணத்திலோ கீழே நிறுத்தப்பட்டவர் எல்லாம் மனு எழுத மாட்டார்கள். அவர்கள் எழுதாததை ஆய்வாளர்தான் எழுத வேண்டும். என் அறிக்கையில் அந்த வீட்டாரின் பெயரைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். 'கிழக்குப் பக்கக் குடியிருப்பில் தூசிப் படிவும் அதிர்வும் நேரில் காணப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். மோட்டாரை மேற்குச் சுவர்ப் பக்கம் மாற்றி, அடியில் ரப்பர் கொடுத்து, தூசியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் குழாய் வைத்து, இரவு அரவையை நிறுத்தினால் உரிமம் கொடுக்கலாம் என்று பரிந்துரை. மில்லுக்காரர் ஒரு மாதம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு செய்தார்.

நிபந்தனை எழுதுவதைவிட நோட்டீஸ் எழுதுவது நுட்பமான கலை. பலர் அதை மிரட்டல் கடிதம் என்று நினைக்கிறார்கள். நல்ல நோட்டீசுக்கு நான்கு உறுப்புகள் வேண்டும். எந்த இடம், என்ன குறை, எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும். இடம் என்றால் பழைய கதவு எண், புதிய கதவு எண், நகர அளவை வார்டு, பிளாக், டி.எஸ். எண் வரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது. 'உடனடியாக' என்று எழுதுவது எழுதாமல் இருப்பதற்குச் சமம். எந்த நாள் முடிந்தால் மீறல் என்று யாருக்கும் தெரியாது. 'ஏழு நாட்களுக்குள் செப்டிக் தொட்டியின் உடைந்த மூடியை மாற்றி அமைக்க வேண்டும்' என்று எழுதினால், எட்டாம் நாள் போய் நிற்கலாம். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு சார்வு செய்ததாகப் பதிவு செய்ய வேண்டும். தெருவில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் பிடிப்பதைப் போலச் சிரமமான வேலை நகராட்சியில் வேறில்லை. நோட்டீசைப் பார்த்ததும் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் அடுப்பில் பால் பொங்கும்.

நோட்டீஸ் எதற்காக, நேரே போய் இடிக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 1985-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றும் வழக்கு, ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரின் பெயரால் அறியப்படுவது. பம்பாய் மாநகராட்சிச் சட்டம் முன்னறிவிப்பு இல்லாமலே ஆக்கிரமிப்பை அகற்ற ஆணையருக்கு இடம் கொடுத்திருந்தது. முன்னறிவிப்பே கொடுக்காதே என்று அது கட்டளையிடவில்லை, அபூர்வமான நேரங்களில் பயன்படுத்த ஒரு விருப்புரிமை மட்டுமே என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. நடைபாதையில் வீடு கட்ட எவருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம் எளியது: நோட்டீஸ் எதிராளிக்குக் கொடுக்கும் அவகாசம் மட்டுமல்ல, நமக்குத் தெரியாத ஏதோ ஒன்றை அவர் சொல்வதற்குத் திறந்து வைக்கும் கதவு.

நகராட்சியே தவறு செய்தால் நோட்டீஸ் யார் கொடுப்பது? இதற்கு மத்தியப் பிரதேசத்தின் ரட்லாம் ஊர்க்காரர்கள் வழி காட்டினார்கள். திறந்த சாக்கடை, கழிப்பறை வசதியில்லாத குடிசைகள், சாராய ஆலைக் கழிவு என்று ஒரு பகுதியே நாறிக் கிடந்தது. அவர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின்கீழ், பொதுத் தொல்லையை அகற்றக் கோரி நடுவரிடம் போனார்கள். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போய் 'நிதி இல்லை' என்றது. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. சுகாதாரம் காப்பது நகராட்சியின் அடிப்படைக் கடமை, பணம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்றார். நிதி ஒதுக்கீடு கேட்டு மேலே எழுதும்போதெல்லாம் ரட்லாம் தீர்ப்பைப் 'பார்வை'யில் சேர்ப்பது எங்கள் பிரிவில் ஒரு சம்பிரதாயமாகவே இருந்தது. சில நேரம் பணமும் வந்தது.

மழைக்காலம் வந்தால் ஆய்வாளரின் பகைவர் கொசு. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சீர்செய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப அதிகாரம் தருகிறது. 'எங்க வீட்டுத் தண்ணி, எங்க தொட்டி, உங்களுக்கு என்ன?' என்ற கேள்வி அநேகமாகப் பெரிய கேட் போட்ட வீடுகளில்தான் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். மொட்டைமாடித் தொட்டி, பழைய டயர், புழங்காத ஆட்டுக்கல், தேங்காய்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு. வீடுகளில் கொசு உற்பத்தியைச் சோதிக்கும் எங்கள் டி.பி.சி. பெண் ஊழியர்கள் கையில் ஒரு டார்ச்சும் ஒரு கரண்டியுமாக வீடு வீடாக ஏறுவார்கள். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் ஓடும். அதைக் கரண்டியில் அள்ளி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வீட்டுக்காரம்மாவிடம் காட்டிவிட்டால் பாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

'வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுக' என்று நாங்கள் எழுதும் வரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தேய்க்கச் சொல்வது. கொட்டிவிட்டு நிரப்பினால் போதாது. தொட்டி உங்களுடையதாக இருக்கலாம். அதில் பிறந்த கொசு கேட்டைத் தாண்டி, எதிர்ச்சாரியில் வாடகை வீட்டுக் குழந்தையைப் பகலிலேயே கடிக்கும். அந்தக் குழந்தைக்குத்தான் அந்தச் சட்டம்.

கட்டட விதிகள் எங்கள் பிரிவில் வராது. நகரமைப்பு ஆய்வாளரின் ராஜ்யம் அது. ஆனாலும் ஒரே மாடியில் எதிரெதிர் மேசை. 'சட்டத்துக்கு எத்தனை அடி விடணும்?' என்று கேட்டுக்கொண்டு வருபவர்களை நாள்தோறும் பார்ப்பேன். சட்டத்துக்கு ஏன் இடம்? சட்டம் வந்து அங்கே படுத்துக்கொள்ளப் போவதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம், தீப்பிடித்தால் ஆள் ஓட ஒரு வழி, மழைத் தண்ணீர் இறங்க மண். வரைபடம் ஒப்புதலானபின் அந்தப் பக்கவெளியில் தகடு போட்டுக் கழிப்பறை கட்டுவார்கள், செப்டிக் தொட்டி தோண்டுவார்கள். அடுத்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கும்போது கோப்பு எதிர் மேசையிலிருந்து என் மேசைக்குத் தாவும்.

ஓர் ஊரின் விதி இன்னோர் ஊருக்குப் பொருந்தாததற்கும் இந்த மூன்றாம் ஆள்தான் காரணம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக் கூடாது. நான்கு கோபுரங்களையும் நிமிர்ந்து பார்த்து ஊருக்குள் வருபவர் எந்த வரைபட மனுவிலும் இருக்க மாட்டார். அவருக்காக அந்த 9 மீட்டர். மலை நகரங்களுக்கு 1993-இல் தனிக் கட்டட விதிகள் வந்தன. மேலே இருப்பவர் மண்ணை வெட்டினால், ஐப்பசி மழையில் சரிவது கீழ்வீட்டுக் கூரையின் மேல். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, 'எங்களுக்கு முனிசிபல் குழாய் இருக்கே, எதுக்குங்க இது?' என்றார்கள். குழாய் இல்லாத அடுத்த தெருவின் ஆழ்துளைக் கிணறும் அதே நிலத்தடியில்தான் குடிக்கிறது.

இந்த மூன்றாம் ஆள் எப்போதும் ஒருவரே அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நடைபாதை என்றால், நடப்பவர் பாதிக்கப்பட்டவர், தள்ளுவண்டிக்காரர் ஆக்கிரமிப்பாளர், அவ்வளவுதான் கணக்கு. லாரியோடு போவோம், தராசையும் தட்டையும் ஏற்றிக்கொண்டு வருவோம், மறுநாள் அபராதம் கட்டிவிட்டு அவர்கள் அதே இடத்தில் நிற்பார்கள். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அந்தக் கணக்கை மாற்றியது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அதுவரை லாரியின் பின்னால் ஓடிவந்த பூக்கார அம்மா, குழுக் கூட்டத்தில் ஆணையருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, "சாயங்காலம் கோயில் வாசல்ல நிக்க விடலைன்னா பூவை யாருங்க வாங்குவாங்க?" என்று கேட்டார். எந்த இடத்தில் விற்பனை கூடும், எங்கே கூடாது என்று பேசி முடிக்க நேரம் பிடித்தது. லாரியில் ஏற்றுவது சுலபம்தான். ஆனால் அது மறுநாள் வரைகூடத் தாங்கியதில்லை.

கழிவுநீர்த் தொட்டி விஷயத்திலும் இப்படி ஒருவர் மறைந்தே இருந்தார். மனுதாரர் வீட்டுக்காரர், பாதிக்கப்படுபவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றே விதிகளை வாசித்துக்கொண்டிருந்தோம். தொட்டிக்குள் இறங்கும் மனிதர் எந்தப் பத்தியிலும் இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்து, தகுந்த பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ செப்டிக் தொட்டியிலோ ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அதன்பின் தொட்டி கட்டும் வரைபடத்தைப் பார்க்கும்போதே, இதற்கு உறிஞ்சு லாரி வந்து நிற்க வழி இருக்கிறதா, மூடி லாரியின் குழாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினோம். லாரி போக முடியாத சந்தில் கட்டிய தொட்டிக்குள், சட்டம் இருந்தாலும் என்றைக்காவது ஒரு ஆளைத்தான் இறக்குவார்கள். விதி காப்பாற்ற வேண்டிய இடம் வரைபடம்தான், விபத்து நடந்தபின் வரும் வழக்கு அல்ல.

அலுவலகத்தின் சோம்பேறித்தனத்துக்கும் விலை கொடுப்பவர் அதே மூன்றாம் ஆள்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் வராவிட்டால் உரிமம் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்ற ஏற்பாடு பழைய சட்டத்தில் இருந்தது. மனுதாரரை இழுத்தடிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்தது. கோப்பு யாருடைய மேசையிலாவது தூங்கினால் மனுதாரருக்கு லாபம். தூசியைச் சுவாசிக்கப் போகும் பக்கத்து வீட்டுக்கு, யாருமே வந்து பார்க்காமல் ஒரு மில் வந்துவிடும். 'கவனிப்பு' எதிர்பார்த்துக் கோப்பை நிறுத்தி வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்த பாவமும் அந்த வீட்டின் கணக்கில்தான் எழுதப்பட்டது.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே அனுமதி பெற்றுக்கொள்ளலாம். முன்கூட்டியே யாரும் வந்து அளந்து பார்ப்பதில்லை. நடைநடையாக நடந்து செருப்புத் தேய்ந்தவர்களைக் கண்டவன் என்பதால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். இடைத்தரகரின் பிழைப்பில் மண் விழுந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மனுதாரருக்கும் அலுவலகத்துக்கும் இடையே தூரம் குறையக் குறைய, இருவருக்கும் வெளியே நிற்பவரைப் பார்க்க ஒரு கண் குறைகிறது. சுயசான்றில் வீட்டுக்காரர் தன்னைப் பற்றிச் சான்று சொல்வார். பக்கத்து ஜன்னலைப் பற்றி யார் சொல்வது?

பக்கத்து ஜன்னல்காரர்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. புகார் மனுவில் கோபத்தைக் குறைத்துக் கதவு எண்ணைக் கூட்டுங்கள். 'எப்போதும் தொல்லை' என்று எழுதாமல், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, என்ன வருகிறது என்று எழுதுங்கள். ஆய்வாளர் எந்த மணிக்கு வர வேண்டும் என்பது அதிலிருந்துதான் அவருக்குத் தெரியும். மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டில்லாத மனுவை யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொழிலுக்கு உரிமம் இருக்கிறதா, என்ன நிபந்தனைகளோடு கொடுத்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். நிபந்தனைகளின் நகல் கைக்கு வந்தபின், 'மில்லை மூடு' என்று சண்டை போட வேண்டியதில்லை. 'மூன்றாம் நிபந்தனையை நிறைவேற்று' என்று கேட்டால் போதும். மூடச் சொன்னால் மில்லுக்காரர் வழக்கறிஞரைத் தேடுவார். நிபந்தனையைக் கேட்டால் மேஸ்திரியைத் தேடுவார்.

புதிதாக வேலைக்கு வரும் ஆய்வாளர்கள் சிலர் இப்போதும் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பதுண்டு. பிரிவு எண்ணும் விதி எண்ணும் கைபேசியிலேயே கிடைக்கிறது, அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று. களஆய்வு அறிக்கையில் மனுதாரர் தரப்பு ஒரு பத்தி, விதி நிலை ஒரு பத்தி எழுதுகிறீர்கள் அல்லவா, நடுவில் இன்னொரு பத்தி சேருங்கள்: இந்த அனுமதியால் யாருக்கு என்ன ஆகும். அந்தப் பத்தியை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது, பக்கத்து வீட்டுச் சமையலறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பார்கள். கட்டம் இல்லாவிட்டால் தனித் தாளில் எழுதி இணையுங்கள். அதிகாரி அதை ஒதுக்கிவிட்டு உரிமம் கொடுக்கலாம், அது அவர் பொறுப்பு. ஆனால் பக்கத்து வீட்டில் இருப்பவர்களைப் பற்றி யாருக்கும் தெரியவே தெரியாது என்று பிறகு எவரும் சொல்லிவிட முடியாது.